கறுப்பர் என்ற தன்னுணர்வு: மீட்டெடுத்ததா, உருவாக்கியதா?

நெய்தல்:

எங்கள் வாசிப்புக் குழுவில் நேரம் போதாமல் நின்றுபோன பேச்சை இங்கே தொடரலாம் என்று நினைக்கிறேன். காலனிய எதிர்ப்புச் சிந்தனையில் கறுப்பு அடையாளம் என்றதும், "வெள்ளையர் பறித்துக்கொண்ட ஆப்பிரிக்கச் சுயத்தைத் திரும்பப் பெறுவது" என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சுயம் முன்பு முழுசாக இருந்தது, இடையில் தொலைந்தது, தேடினால் கிடைத்துவிடும் என்ற எண்ணம். மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரான்ட்ஸ் ஃபனோனைப் படிக்கப் படிக்க எனக்கு அது சரியாகப் படவில்லை.

1952-இல் வந்த 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலின் ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மிகச் சாதாரணமான ஒரு காரியத்தைச் சொல்கிறார். புகைபிடிக்க வேண்டும். சிகரெட் பெட்டி மேசையின் மறுகோடியில் இருக்கிறது; வலக்கையை நீட்ட வேண்டும். தீப்பெட்டி இடப்பக்க இழுப்பறையில். கொஞ்சம் பின்னால் சாய வேண்டும். யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை, உடம்புக்கே தெரியும். அந்த உடம்புதான் வெள்ளையர் பார்வை பட்டதும் நொறுங்குகிறது. ஒரு குழந்தை அவரைக் காட்டி, பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்கிறது. ரயிலில் அவருக்கு ஒரு இருக்கைக்குப் பதிலாக இரண்டு, மூன்று இருக்கைகள் காலியாக விடப்படுகின்றன. அந்த நொடியிலிருந்து தன் உடம்புக்கும் தன் இனத்துக்கும் தன் மூதாதையருக்கும் சேர்த்து அவர் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கரீபியத் தீவான மார்டினிக்கில் வளர்ந்த காலத்தில் அவர் தன்னைப் பிரெஞ்சுக்காரனாகவே எண்ணியிருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டுக் காயம்பட்டு விருதும் வாங்கியவர். இந்த அர்த்தத்தில் அவர் 'கறுப்பர்' ஆக்கப்பட்டது பிரான்சில். அப்படியானால் எதை மீட்பது? என் கருத்து இதுதான்: இந்த மரபின் சிறந்த சிந்தனையாளர்கள் எவரும் மீட்பைப் பற்றிப் பேசவில்லை, புதிதாக ஒன்றை உருவாக்குவது பற்றித்தான் பேசினார்கள். மறுப்பவர்கள் வாருங்கள்.

கரிசல்:

நெய்தல், ஃபனோனிலிருந்து ஆரம்பித்தால் மார்டினிக் கவிஞர் எமே செசேருக்கு அநியாயம் ஆகிவிடும். செசேர் இல்லாமல் ஃபனோன் இல்லை. இதை ஃபனோனே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

1930-களின் மார்டினிக்கை நினைத்துப் பாருங்கள். கறுப்பினப் பிள்ளைகள் "நம் மூதாதையர் கோல்கள்" (பிரான்சின் பண்டை மக்களான Gauls) என்று பிரெஞ்சுப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறார்கள். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசினால் அதட்டல். 'நீக்ரோ' என்றால் அது ஆப்பிரிக்காவில் இருப்பவன். தான் அவனில்லை என்பது அங்கே படித்தவர்களின் உறுதியான நம்பிக்கை. 1955-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஃபனோன் இதை விரிவாகச் சொல்கிறார். பள்ளியில் ஆசிரியராக இருந்த செசேர், கறுப்பாக இருப்பது நல்லது, அழகானது என்று வெளிப்படையாகச் சொன்னபோது ஊரே அதிர்ந்தது. அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் 1940. பிரான்ஸ் வீழ்ந்தது. தீவை ஆண்ட பிரெஞ்சு அட்மிரல் ரொபேரின் கீழிருந்த போர்க்கப்பல்கள் ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் துறைமுகத்தில் முடங்கின. ஆயிரக்கணக்கான வெள்ளை மாலுமிகள் 1943 வரை அந்தச் சிறு தீவில் தங்கினார்கள். அதுவரை தீவு மக்களுக்குத் தெரிந்த வெள்ளையர் சிலரே. இப்போது நிறவெறி தெருவில், கடையில், மதுக்கூடத்தில் முகத்துக்கு நேராக வந்து நின்றது. செசேர் சொன்னதன் பொருள் அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

இன்னொன்று. செசேர் பழம்பெருமை பாடியவர் என்பது அவரைப் படிக்காதவர்கள் கட்டிய கதை. 1939-இல் முதலில் வெளியான தாயகம் திரும்புதல் பற்றிய அந்த நெடுங்கவிதையில் அவர் எடுத்துப்போடும் காட்சி எது தெரியுமா? டிராம் வண்டி. எதிரே வறுமையால் உருக்குலைந்த ஒரு கறுப்பர், தன் பெரிய உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார முயல்கிறார். பின்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். கவிதையின் 'நான்' என்ன செய்கிறான்? அவர்களோடு சேர்ந்து புன்னகைக்கிறான். உடனே தன் கோழைத்தனத்தைத் தானே கூப்பிட்டுக் காட்டுகிறான். நீங்கள் சொன்ன ரயிலுக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த டிராம் வந்துவிட்டது. ஃபனோனை வெள்ளையர் பார்க்கிறார்கள். செசேரின் கவிதையில் ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பரை வெள்ளையரின் கண்ணால் பார்க்கிறார். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அதே கவிதையில், நாங்கள் தஹோமே மன்னனின் வீராங்கனைகளாக இருந்ததில்லை, எண்ணூறு ஒட்டகம் வைத்திருந்த கானா இளவரசர்களாக இருந்ததில்லை என்றும் சொல்கிறார். எனவே உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. அது ஃபனோனுக்கு மட்டும் உரியதல்ல என்கிறேன்.

வாசுகி:

கரிசல் அண்ணா, செசேருக்கு அநியாயம் என்றீர்கள். அவருக்கும் முன்னால் இருந்தவர்களுக்கு நடந்த அநியாயத்தையும் எழுத வேண்டும்.

மார்டினிக்கில் பிறந்து பாரிஸ் போன போலெத் நார்தால், ழான் நார்தால் சகோதரிகள். ழான் 1928-லேயே உலகெங்கும் சிதறிய கறுப்பினத்தவருக்கு இடையிலான ஒற்றுமை பற்றி எழுதிவிட்டார். பாரிஸை ஒட்டிய கிளமாரில் இருந்த அவர்கள் வீட்டில் ஞாயிறுதோறும் அமெரிக்க, கரீபிய, ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கூடினார்கள். 1931-32-இல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஆறு இதழ்கள் வந்த 'கறுப்பு உலக இதழ்' அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்தது. செசேர், செனெகல் கவிஞர் செங்கோர், பிரெஞ்சு கயானாக் கவிஞர் தமாஸ் மூவரின் பெயரோடும் பேசப்படும் மாணவர் இதழ் 1935-இல்தான் வருகிறது.

1932 கட்டுரையில் போலெத் சொல்வதைக் கவனியுங்கள். பாரிஸில் படிக்க வந்த கறுப்பின ஆண்களுக்கு எப்படியோ ஒரு வரவேற்பு கிடைத்தது. பெண்கள் தனித்து விடப்பட்டார்கள். அதனால் இன உணர்வு அவர்களிடம்தான் முதலில் விழித்தது என்கிறார். தன்னுணர்வு எந்த இடத்தில், எந்த நெருக்கடியில் முளைக்கிறது என்று ஃபனோனுக்கு இருபது ஆண்டுகள் முன்பே ஒரு பெண் எழுதிவைத்திருக்கிறார்.

ஃபனோனின் அதே நூலில் மயோத் கபேசியா என்ற மார்டினிக் எழுத்தாளர் வெள்ளைக் கணவனை விரும்பியதற்காகப் படும் பாட்டையும் பாருங்கள். வெள்ளைப் பெண்ணை விரும்பும் கறுப்பின ஆணை எவ்வளவு பொறுமையாகப் புரிந்துகொள்கிறார், இவரை எவ்வளவு கோபமாக ஒதுக்குகிறார்! பிறர் பார்வை ஒருவரை எப்படிச் சிதைக்கும் என்று அவ்வளவு நுட்பமாக எழுதியவர், ஒரு கறுப்பினப் பெண்ணின் எழுத்தைப் பார்க்கும்போது அந்தக் கவனத்தைக் காட்டவில்லை. பெரும் குறைதான் அது.

நெய்தல்:

வாசுகி, கபேசியா பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நார்தால் சகோதரிகளைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.

கரிசல், உங்கள் டிராம் காட்சியை வைத்தே அடுத்த கட்டத்துக்குப் போகிறேன். 1948-இல் செங்கோர் தொகுத்த கறுப்பினக் கவிதைத் தொகுப்புக்குப் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் முன்னுரை எழுதினார். நட்போடு எழுதியதுதான். அதில் ஒரு கணக்குப் போட்டார்: வெள்ளை மேலாதிக்கம் முதல் நிலை, நெக்ரிட்யூட் (கறுப்பாக இருப்பதைப் பெருமையாக ஏற்ற அந்தக் கவிஞர்களின் இயக்கம்) அதன் மறுப்பு, இனங்களே இல்லாத மனித சமூகம் முடிவு. ஆகவே நெக்ரிட்யூட் கடந்துபோக வேண்டிய ஒரு இடைநிலை, அவ்வளவுதான்.

ஃபனோனுக்கு இது இடியாக இறங்கியது. தான் கடைசியாகப் பிடித்துக்கொண்ட கொம்பையும் நண்பரே பறித்துவிட்டார் என்று எழுதுகிறார். கறுப்பர் தன் உடம்பில் படும் துன்பம் வெள்ளையர் படும் துன்பத்திலிருந்து வேறுபட்டது என்பதைச் சார்த்தர் மறந்துவிட்டார் என்கிறார். முடிவு என்னவென்று முன்பே தெரிந்தவர் மேலே நின்றுகொண்டு, நீ இப்போது இந்தப் படியில் இருக்கிறாய் என்று சொன்னால், ஏறிக்கொண்டிருப்பவருக்கு என்ன மிஞ்சும்? கறுப்பரின் போராட்டத்துக்கு அர்த்தம் வெளியிலிருந்து வழங்கப்படுகிறது. அங்கேயும் அவர் தன்னைத் தானே உருவாக்கவில்லை.

ஆனால் கோபத்தோடு ஃபனோன் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். நூலின் கடைசிப் பக்கங்களில், பண்டைக் காலத்தில் ஒரு கறுப்பினத் தத்துவவாதி பிளேட்டோவோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்று தெரியவந்தால் தனக்கு மிகவும் மகிழ்ச்சி என்கிறார். ஆனால் மார்டினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யும் எட்டு வயதுப் பிள்ளைகளின் வாழ்க்கையில் அது என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்று கேட்கிறார். சார்த்தரின் முன்கூட்டிய முடிவும் வேண்டாம், பழம்பெருமையும் போதாது. இரண்டையும் ஒருசேரத் தள்ளிவிட்டு நிற்பது சுலபமான காரியமில்லை.

தேரிக்காடு:

மனநலத் துறையில் வேலை செய்பவன் என்பதால் ஃபனோன் மருத்துவராக நடந்துகொண்டதைச் சொல்லத் தோன்றுகிறது. தத்துவம் பேசுபவர்கள் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

1953-இல் அல்ஜீரியாவின் ப்ளிடா மனநல மருத்துவமனைக்குப் போகிறார். அப்போது அங்கே கோலோச்சியது அந்துவான் பொரோவின் அல்ஜியர்ஸ் பள்ளி. வட ஆப்பிரிக்கர்களின் மூளை அமைப்பே தாழ்ந்தது, அவர்கள் இயல்பிலேயே வன்முறைக்காரர்கள் என்பதை அறிவியல் என்ற பெயரில் பாடமாக நடத்திய கூட்டம். ஃபனோன் பிரான்சின் சேந்த்-அல்பான் மருத்துவமனையில் மனநல மருத்துவர் தோஸ்கேயஸிடம் கற்ற முறையைக் கொண்டுவருகிறார்: நோயாளியைக் கட்டிப்போடாமல், மருத்துவமனையையே ஒரு சமூகமாக மாற்றுவது. கூட்டங்கள், விழாக்கள், திரைப்படம், நோயாளிகளே நடத்தும் செய்தித்தாள், கைவேலை.

ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் இது சீக்கிரமே பலன் தந்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவில் முழுத் தோல்வி. கூட்டத்துக்கு வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூடை முடைவது பெண்கள் வேலை என்று தொடவே மறுத்தார்கள். அவர்களில் பலர் நிலத்தில் உழைத்தவர்கள். ஃபனோனுக்கு அரபும் தெரியாது, கபில் மொழியும் தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர். அந்த மக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் என்றாலே நீதிமன்றமும் காவல் நிலையமும்தான் நினைவுக்கு வரும்.

1954-இல் உடன் பணியாற்றிய ஜாக் அசுலேயோடு சேர்ந்து இந்தத் தோல்வியை அவரே கட்டுரையாக எழுதினார். காரணத்தை நோயாளிகளிடம் தேடவில்லை. ஐரோப்பியருக்குப் பொருந்திய வாழ்க்கை முறைக்கு இவர்களும் தாங்களாகவே வந்துவிட வேண்டும் என்ற ஒருங்கிணைப்புக் கொள்கையைத் தாங்களே மருத்துவத்துக்குள் கடத்திவந்துவிட்டோம் என்று எழுதினார். அப்புறம் பிரிவுக்குள் மூரிஷ் பாணிக் காபிக்கடை வந்தது. இஸ்லாமியப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி வந்தார். நோயாளிகள் பேசத் தொடங்கினார்கள்.

நெய்தல், இங்கே உங்களிடமிருந்து கொஞ்சம் விலகுகிறேன். உருவாக்குவது மட்டும்தான் என்று சொன்னால் அந்தக் காபிக்கடைக்கு இடம் எங்கே? மனிதர் ஒருவர் பேசவே காலுக்கடியில் பழகிய தரை கொஞ்சம் வேண்டும். மூன்றே ஆண்டுகளில், 1956-இல், அதே ஃபனோன் பதவி விலகல் கடிதம் கொடுக்கிறார்: சொந்த நாட்டிலேயே அந்நியராக்கப்பட்ட மக்களை அதே அமைப்புக்குள் வைத்துக் குணப்படுத்த முடியாது என்று. பழகிய தரையும் வேண்டும், அந்தத் தரையை ஆக்கிரமித்தவர் வெளியேறவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் அவர் மருத்துவம்.

ஒற்றையடி:

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது படித்தவர்களின் துயரம். லியோன், பாரிஸ், கவிதை, தத்துவம். கரும்பு வெட்டியவர் தன் சுயம் தொலைந்துவிட்டது என்று எங்கே அழுதார்?

இதைத் தெளிவாகச் சொன்னவர் அமில்கார் கப்ரால். மேற்கு ஆப்பிரிக்காவில் போர்த்துக்கல் ஆண்ட கினி-பிசாவின் விடுதலைப் போரை நடத்தியவர். அதற்கு முன் வேளாண் பொறியாளராக 1953-இல் நாட்டின் விவசாயக் கணக்கெடுப்பை நடத்தி, ஊர் ஊராகச் சென்று மக்களைப் பார்த்தவர். வேருக்குத் திரும்புதல் என்ற தேவை காலனிய நகரத்தில் படித்து ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் சிறு மத்திய வர்க்கத்துக்குத்தான் என்பது அவர் வாதம். கிராமத்து மக்கள் தங்கள் பண்பாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. பிறகு எங்கே திரும்புவது? படித்தவரின் திரும்புதல் கூட, மக்கள் போராட்டத்தில் அவர் உண்மையாகக் கலந்தால்தான் கணக்கில் வரும். இல்லாவிட்டால் அது உடையும் சடங்குமாக நின்றுவிடும். 1973 ஜனவரியில் கொனாக்ரியில் அவரைக் கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கினி-பிசாவ் தன் விடுதலையை அறிவித்தது.

உம்கேனி:

சில ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்த்தவன். இவ்வளவு நேரம் அந்த நாட்டின் கறுப்பர் தன்னுணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீக்கோ பெயர் வராதது ஆச்சரியம். நெய்தலின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

நேட்டால் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் கறுப்பினத்தவருக்கான பிரிவில் 1966-இல் சேர்ந்தார். அந்த மாணவர்களின் விடுதி வெண்ட்வொர்த்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி இருந்தது. அங்கே ஆப்பிரிக்கர், இந்திய வம்சாவளியினர், கலப்பினத்தவர் என்று அரசு பிரித்துவைத்த மூன்று பிரிவினரும் ஒன்றாகத் தங்கினார்கள். 1969-இல் பீக்கோ தலைமையில் தொடங்கிய தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு இந்தச் சூழலில் வளர்ந்தது. அவர்கள் தந்த வரையறையில் கறுப்பர் என்பதற்கு இரண்டு பாதி. ஒன்று, சட்டத்தாலோ வழக்கத்தாலோ அரசியல், பொருளாதார, சமூக ரீதியில் ஒரு குழுவாக ஒடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு, விடுதலைப் போராட்டத்தில் தங்களை ஒரே அணியாகக் கருத வேண்டும். தோல் நிறம் மட்டும் போதாது என்று பீக்கோ வெளிப்படையாகவே எழுதினார். கறுப்பாக இருந்துகொண்டே நிறவெறி அரசின் காவல்படையில் சேவகம் செய்பவரை அவர் கறுப்பர் கணக்கில் சேர்க்கவில்லை.

1860-இல் சென்னையிலிருந்து கிளம்பிய முதல் கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார்கள். சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி இருவரும் டர்பன்காரர்கள். மொசாம்பிக் விடுதலை இயக்கத்தின் வெற்றியைக் கொண்டாட 1974 செப்டம்பரில் டர்பன் கறிஸ் ஃபவுண்டன் மைதானத்தில் நடத்திய கூட்டத்தை ஒட்டி ஒன்பது பேர் மீது வழக்குப் போட்டார்கள். அதில் இவர்களும் உண்டு. சிறைத் தீவான ராபன் தீவுக்கு அனுப்பியபோதும் அரசு அவர்களைக் கறுப்பர் என்று சொல்லவில்லை. அங்கும் இந்தியர் என்றுதான் பதிவு. கறுப்பர் என்பது அவர்களே எடுத்துக்கொண்ட பெயர்.

அந்த வழக்கில் 1976 மே மாதம் பீக்கோ சாட்சி சொன்னார். தடையாணையால் மூன்று ஆண்டுகள் அவர் சொல்லை யாரும் மேற்கோள் காட்டவே கூடாது என்றிருந்த காலம். நீதிபதி போஷோஃப் கேட்கிறார்: உங்களை ஏன் கறுப்பர் என்கிறீர்கள், நீங்கள் கறுப்பைவிடப் பழுப்பாகத்தானே இருக்கிறீர்கள்? பீக்கோ சொன்ன பதில்: வெள்ளையர்களும் வெள்ளையைவிட இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெளிறலுமாகத்தான் இருக்கிறார்கள் என்று நான் நினைப்பதைப் போல. அடுத்த ஆண்டு செப்டம்பர் 12-இல் காவலில் அடித்து நொறுக்கப்பட்ட நிலையில் இறந்தார். வயது 30.

கரிசல்:

நல்ல பதிவு, உம்கேனி. ஆனால் அந்த ஒற்றுமையை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியுமா? 1949 ஜனவரியில் அதே டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். நிறவெறி அரசு இந்தியர்களுக்கு ஆப்பிரிக்கர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான கல்வி, கொஞ்சம் கூடுதலான கூலி என்று படிக்கட்டு கட்டிவைத்திருந்தது. மேல்படியில் இருப்பவர் 'நானும் கறுப்பர்' என்று சொல்வதைக் கீழ்ப்படியில் இருப்பவர் ஏன் நம்ப வேண்டும்?

உம்கேனி:

நியாயமான கேள்வி. நம்ப வேண்டும் என்று பீக்கோவும் கேட்கவில்லை. ஒடுக்குமுறை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, வேண்டுமென்றே படிப்படியாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் தெரிந்தே எழுதினார். அந்தப் படிக்கட்டை உடைக்கத்தான் இந்த வரையறை. 1949 டர்பன் மக்களுக்கு நினைவில் இருந்தது. இருபது ஆண்டு கழித்து அதே ஊரில் இந்த அமைப்பு வேரூன்றியது என்பதால்தான் அதற்கு இவ்வளவு எடை.

நம்பிக்கை செயலில் சோதிக்கப்பட்டது. 1984-இல் அரசு மூன்று அவை நாடாளுமன்றம் கொண்டுவந்தது: இந்தியர்களுக்கும் கலப்பினத்தவருக்கும் தனித்தனி அவை, ஆப்பிரிக்கர்களுக்கு எதுவும் கிடையாது. மேல்படிக்கு வா என்ற அழைப்பு. இந்திய வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்கவே போகவில்லை. போனவர்களும் உண்டு, அவையில் உட்கார்ந்தவர்களும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை.

வாசுகி:

செயலில் என்று சொன்னதால் சேர்க்கிறேன். பீக்கோவைக் கிங் வில்லியம்ஸ் டவுனுக்குள் முடக்கிவைத்திருந்த காலத்தில், 1975-இல், பக்கத்து ஸின்யோகாவில் ஸனெம்பிலோ மருத்துவ நிலையம் தொடங்கியது. அதை நடத்தியவர் டாக்டர் மம்ஃபேலா ரம்ஃபேலே. கறுப்பினத்தவரே கட்டி, கறுப்பினத்தவரே நடத்தி, கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த இடம். ஒற்றையடி கேட்ட கரும்பு வெட்டியவரின் கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருக்கிறது. 1977 அக்டோபரில் அரசு இயக்கத்தின் அமைப்புகளை எல்லாம் ஒரே நாளில் தடை செய்தபோது இந்த மருத்துவ நிலையத்தின் பின்னாலிருந்த சமூகத் திட்ட அமைப்பும் தப்பவில்லை.

நெய்தல்:

தேரிக்காடு, காபிக்கடை பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்தக் காபிக்கடை மருத்துவமனைக்குள் திறக்கப்பட்ட புது இடம்தானே? நோயாளிகள் தங்கள் ஊர்ப் பழக்கத்தை அங்கே கொண்டுவந்து வேறொன்றாக ஆக்கினார்கள் என்று சொல்ல முடியாதா? இதை நீங்கள் விரித்து எழுத வேண்டும்.

உம்கேனி, இன்றைய நிலைக்கு ஒன்று. 1998-இன் தென்னாப்பிரிக்க வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 'கறுப்பின மக்கள்' என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என்று வரையறுக்கிறது. 2008-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு தென்னாப்பிரிக்கச் சீனர்களையும் சேர்த்தது. பீக்கோவின் வரையறையில் முதல் பாதி சட்டத்துக்குள் வந்துவிட்டது. பழைய அநீதிக்கு ஈடு செய்ய அது வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போராட்டத்தில் தங்களை ஒரே அணியாகக் கருதுவது என்ற இரண்டாம் பாதியைச் சட்டத்தால் எழுத முடியவில்லை, எழுதவும் முடியாது. இப்போது ஒருவர் எதையும் தேர்ந்தெடுக்காமலே, யாரோடும் நிற்காமலே படிவத்தில் கறுப்பர் ஆகிவிடலாம். வறுமையில் இன்றும் அடித்தட்டில் கிடப்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களே என்ற நிலையில், டர்பனில் அந்த இரண்டாம் பாதியை இன்று யார் பேசுகிறார்கள்? உங்களுக்கு நேரில் தெரிந்ததை எழுதுங்கள்.